நீர்முள்ளியும் இல்லாத கல்லும்

இரண்டு மாதம், எனக்கு இல்லாத சிறுநீரகக் கல் இருப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்யக்கூடிய காரியமில்லை. செய்தேன்.

மகளின் படிப்புக்காக அவளும் மனைவியும் சென்னைக்குப் போனபின் தென்காசி வீட்டில் நான் மட்டும். மாடியில் விழும் மழைத்தண்ணீர் குழாயில் இறங்கி ஐப்பசி முழுக்கக் கொல்லையில் தேங்கும். அங்கே ஒரு பள்ளம் வெட்டி நம் மண்ணின் செடிகளை நட்டால், தண்ணீரை அவை மண்ணுக்குள் இறக்கிவிடும் என்று படித்தேன். மழைத்தோட்டம் என்று பெயர். செடி முழுகினாலும் அழுகக் கூடாது, நாலு மாதம் யாரும் கவனிக்காவிட்டாலும் சாகக் கூடாது. அந்தத் தகுதி எனக்கே உண்டு. ஆனால் என்னை நட முடியாது.

குற்றாலம் சாலை நர்சரியில் கேட்டேன். சீசனுக்கு வருகிறவர்களுக்காகக் குரோட்டன்ஸும் ரோஜாவும் அடுக்கியிருந்தார்கள்.

“நீங்க சொல்லுததெல்லாம் வாய்க்கால்ல சும்மா கெடக்கு சார். அதப் போயி எவன் விப்பான்?” என்றார் கடைக்காரர்.

ஆகவே ஆவணிச் சாரலில் சாக்குப்பையோடு இலத்தூர்க் குளத்தோரம் போய், பள்ளத்தின் நடுவில் வைக்க நீர்முள்ளி தோண்டி வந்தேன். வாசலில் எதிர்வீட்டு அண்ணாச்சி நின்றார். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. இரண்டு வருடமாக எங்களுக்குள் தலையாட்டல் மட்டும்தான். பைக்கு வெளியே நீட்டிய முள்ளைப் பார்த்தார்.

“என்ன தம்பி, கல்லா?”

நீர்முள்ளிக் கஷாயம் கல்லுக்கு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மழைத்தோட்டத்தை விளக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தில் கவலை இருந்தது. எனக்காக ஒருவர் கவலைப்பட்டுப் பல நாளாகிவிட்டது. “ம்” என்றேன்.

“எதுத்தாப்புலதான இருக்கோம், ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஏட்டி, தம்பிக்குக் கல்லாம்!” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

மறுநாள் காலை வாழைத்தண்டுச் சாறோடு வந்தவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, தான் பிடித்த திருடர்களைப் பற்றிச் சொன்னார். பிறகு தினமும் வந்தார். முதல் நாள் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன், அடுத்த நாள் ஞாபகப்பிசகாக வலது இடுப்பை. “எடம் மாறுது. நல்லதுதான்,” என்றார். அவரிடமிருந்து தப்பித்த திருடர்களும் நிறைய இருந்திருப்பார்கள்.

அதன்பின் செடி தேர்ந்தெடுப்பது சிக்கலாகிவிட்டது. காய்ந்து கிடக்கும் விளிம்புக்கு ஆவாரைதான் சரி. ஆனால் அண்ணாச்சி பார்த்தால் சர்க்கரையும் வந்துவிட்டது என்பார். மழைக்கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். சரிவில் படர விடலாம் என்று பிடுங்கிய பொடுதலையைக் குளத்தோரமே போட்டுவிட்டேன். அது மூலத்துக்கு மருந்து. அனுதாபத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்.

ஐப்பசியில் ஒரு காலை, “நாளைக்குத் திருநெல்வேலில ஸ்கேன். மச்சினன் காரச் சொல்லியாச்சு. நானும் வாரேன்,” என்றார்.

ஸ்கேனில் என் கல் தெரியப்போவதில்லை. பொய் மட்டும் தெரியும். அதோடு காலை அரைமணி நேரமும் போய்விடும். ஆனால் அடுத்தவன் காரில், அந்த மனுஷரையும் கூட்டிக்கொண்டு, இல்லாத கல்லைத் தேடிப் போகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. கொல்லைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் மழையில் தளும்பிய பள்ளம் வற்றிச் சேறாகிக் கிடந்தது. நீர்முள்ளி வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன்.

குந்தி உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்தார்.

“அப்பம் கல்லு?”

“இல்ல அண்ணாச்சி.”

“பொறவு எதுக்கு அன்னைக்கி ‘ம்’ன்னிய?”

பதில் இருந்தது. பட்டப்பகலில் இன்னொரு ஆம்பிளையிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. அவர் எழுந்து, குழாயில் கைகழுவி, தெருவைக் கடந்து போனார். அவர் மனைவி என்னவென்று விசாரித்ததும் அவர் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தன.

“காரு வேண்டாம்னு சொல்லிருட்டி. அவியளுக்குச் சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. பொழுது போகலையாம்.”