இல்லை என்று சொல்லத் தெரியாத நீர்கட்டி

மானாம்பதிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேதகிரி நீர்கட்டியாக இருந்தார். ஏரித் தண்ணீரை முறை வைத்து வயலுக்கு வயல் திருப்பிவிடுகிற வேலை. எழுபத்தொன்றில் ஊர் கூடி ஆள் தேடியபோது எல்லாரும் ஒரே வாயாக இவரைத்தான் சொன்னார்கள். ஊரில் பகையே இல்லாத ஆள் இவர் ஒருவர்தான். அடுத்தவர் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட மனுஷனை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த வேலையில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுவார். ஏரி நிரம்பிய வருஷங்களில் கேட்டவருக்கெல்லாம் மடை திறந்தார். அவர்கள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார்.

"ஒனக்கு இது வேலையா, திருநாளா?" என்று மனைவி ஆண்டாளம்மாள் கேலி செய்வாள்.

"ரெண்டும்தான்" என்பார்.

எண்பத்திரண்டில் மழை கைவிரித்துவிட்டது. ஏரியில் கால்பங்குத் தண்ணீர்தான். எட்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு வயலுக்கு அரை நாள் என்று ஊர் கூடிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முறை பிசகாமல் விட்டால் கடைமடை வரைக்கும் பயிர் பிழைத்துவிடும்.

இரண்டாம் நாளே பஞ்சாட்சரம் வந்து நின்றார். மதகை ஒட்டியே அவருக்கு நிலம்.

"இன்னா வேதகிரி, இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா இன்னா கொறஞ்சிடும்? பயிரு வாடிக்கினு கீது பாரு."

முறை முடிந்துவிட்டது என்று சொல்ல வேதகிரிக்கு வாய் வரைக்கும் வந்தது. பஞ்சாட்சரத்தின் முகத்தைப் பார்த்தார். "சரி நைனா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் வேறொருவர் வந்தார். அடுத்த நாள் இரண்டு பேர். அடப்பாவி மனுஷா, அந்தத் தண்ணீரெல்லாம் யார் வயலுக்குப் போக வேண்டியது என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்காமல் இல்லை. சோறு இறங்கவில்லை. விடிந்தால் வரப்பில் இறங்கவே மனசு வரவில்லை. ஆனாலும் ஆள் வந்து எதிரே நின்றால் நாக்கு எழவில்லை.

கடைமடையில் ஜெயம்மாளுக்கு அரைக்காணி நிலம். புருஷன் இல்லை, அவளும் மகளும் அந்த நெல்லை நம்பித்தான் இருந்தார்கள். அவள் முறை வந்த அன்று கால்வாயில் ஈரம்தான் வந்தது. அடுத்த முறைக்கு அதுவும் வரவில்லை. கதிர் வெளிவருகிற சமயத்தில் பயிர் முழுக்கக் கருகிவிட்டது.

வேதகிரி அங்கே போனபோது அவள் கருகியதை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டேதான் போனார். அவள் அறுப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு வாட்டி வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றார். "கேட்டிருந்தா வுட்டிருப்பனே."

"நீ வுடுவேன்னு தெரியும் வேதகிரி" என்றாள் ஜெயம்மாள். "என் முறை தண்ணிதானே, அதப் போயி இன்னாத்துக்குக் கேக்கணும்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே ஊரில் சொல்லி வேலையை விட்டுவிட்டார். அடுத்து வந்த சடையப்பன் ஒரு சிடுமூஞ்சி. யாராவது வந்து நின்றால் கண்டபடி ஏசுவார். ஆனால் அவர் காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் ஒரு முறைகூடத் தவறவில்லை. வேதகிரி செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போனார்.

அவரைப் பற்றி ஊரில் ஒருவரும் தப்பாகப் பேசியதில்லை. "தங்கமான மனுசன்பா, கேட்டா இல்லன்னு சொல்லவே மாட்டான்" என்று டீக்கடையில் பஞ்சாட்சரம் அவர் எதிரிலேயே சொல்வார். வேதகிரி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.