பாறை மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் வெயிலுக்குக் காரணம் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கையை நீட்டி மலையைக் காட்டிவிடுவார்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் வரிசையில் எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்பு. "இன்னா பண்றது, பாறை ஊரு. அனல் அடிக்கத்தான் செய்யும்." செஞ்சிக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். எவ்வளவு திட்டினாலும் திருப்பித் திட்டாத ஆள் வேறு யார் கிடைப்பார்?

என் வீட்டுக்காரரும் இந்தக் கட்சிதான். வாடகைக்கு வேன் ஓட்டுகிறார். டீசல் வண்டி, கொஞ்சம் வயதானது, கிளம்பினால் தெருவே இருமும். எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சண்டை போட்டவள் நான். பின்பக்கத்து மாமரம்கூட நான் வைத்ததுதான். அப்படிப்பட்ட வீட்டைப் பற்றிப் போன கோடையில் ஒரு நாள் அவர், "வித்துடலாம். பக்கத்துல வல்லத்துல மனை பாத்து வச்சிருக்கேன். அங்க பாறையே இல்ல, ஜில்லுனு இருக்குது" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"மலை இன்னிக்கா வந்துச்சு? ராஜா காலத்துலருந்து அங்கயேதான இருக்குது. நாம குடிவந்தப்ப இவ்ளோ சூடு இருந்துச்சா?"

"பாறைக்கும் வயசாவுது இல்ல" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளை எதையும் நம்ப வைத்துவிடுவேன், மார்க் என்று ஒரு பயம் இருக்கிறது. வீட்டில் அந்த வசதி இல்லை. இருந்தாலும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். பாறை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. பகலில் வாங்கியதைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சூடு மேலே போய்விட வேண்டும். டீசல், பெட்ரோல், நிலக்கரி எரித்துக் கிளம்பும் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போவதால் முன்போல் அது போக முடியவில்லை.

"உலகம் பூரா ஒரு டிகிரி சொச்சம் ஏறிருக்குதுனு நீதான சொன்ன. ஒரு டிகிரிக்கா இவ்ளோ அலட்டல்?" என்றார். ஜுரம் வந்து தெர்மாமீட்டரில் ஒரு டிகிரி கூடிவிட்டால், வீட்டுப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுக்கிற மனிதர் இவர்.

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. என் நாத்தனார் வல்லத்தில்தான் இருக்கிறாள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அங்கே இருந்து பார்த்துவிடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனோம். சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலம். அம்மிக்கல்லை விட்டால் அந்த வீட்டைச் சுற்றிப் பெரிய கல் எதுவும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தவர் புரண்டு புரண்டு படுத்தார். பனியனைக் கழற்றிப் பிழிந்தார்.

"இன்னாண்ணா, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் நாத்தனார். "இங்க இப்படித்தான். மல்லாட்டச் செடியே சுருண்டு போவுது. பேசாம உங்க ஊருக்கே வந்துடலாமானு பாக்குறோம். மலை இருக்குது, நிழலாவது கெடைக்கும்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் எழுந்து உட்கார்ந்து, "காத்து அங்கருந்துதான வருது? நம்ம மலைச் சூடுதான் இங்க வரைக்கும் வருது" என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியெல்லாம் ஏற்றி வெயிலில் நின்றிருந்தது வேன். "ஏறி உக்காருங்க" என்றேன். ஏறினார். ஸ்டியரிங்கைத் தொட்டதும் கையை உதறினார்.

"வெளியவிட உள்ள ஏன் ஜாஸ்தி சூடு? உள்ள பாறை இருக்குதா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி ஏத்தியிருக்குது. உள்ள வந்த சூடு வெளிய போவல."

"மேலயும் அதே கதைதான். புகையோட போற வாயு கண்ணுக்குத் தெரியாது, ஆனா சூட்ட வெளிய விடாது. அந்தக் கண்ணாடிய ஏத்தினது யாரு?"

இறங்கி வந்து சைலன்சரைப் பார்த்தார். "நான் ஒருத்தன் ஓட்டறதுலயா?"

"உலகத்துல ஓடற வண்டி, பறக்கற ப்ளேன், கரண்டுக்கு எரிக்கற கரி எல்லாம் சேந்து. உங்க பங்கு ஒரு மல்லாட்டை அளவு இருக்கும். மலையோட பங்கு அதுகூட இல்ல."

திரும்பி வரும்போது வேன் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினார்.

ஆனால் வீட்டைப் பார்க்க ஏற்கெனவே ஒருவரை வரச்சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அந்த மனிதர் வந்துவிட்டார். கார் கேட்டுக்கு வெளியே ஏசியோடு உறுமிக்கொண்டே நின்றது. அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், மலையை அண்ணாந்து பார்த்தார். "பாறை பக்கத்துல இருக்குதே, அனலா அடிக்கும். பாத்து விலையக் கொறைங்க" என்றார். சமையலறையில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இன்னா சார் பேசறீங்க? பாறை உங்கள இன்னா பண்ணுச்சு?" என்று கூடத்திலிருந்து ஒரு சத்தம். என் வீட்டுக்காரர்தான். அதன் பிறகு என் பாடம் முழுவதும் வரி தப்பாமல் வந்தது. வேன், கண்ணாடி, வாயு, ஜுரம் என்று அவர் சொந்தச் சரக்கும் சேர்ந்து வந்தது. கடைசியில் அந்த மனிதரைக் கேட் வரை கூட்டிக்கொண்டு போய், "மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க சார்" என்றார். அவர் ஆஃப் பண்ணவில்லை, அதிலேயே ஏறிப் போய்விட்டார். நான் கரண்டியோடு ஒரு சுற்று ஆடினேன்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"பாறைதான்னு நெனச்சிட்டிருந்த வரைக்கும் நிம்மதியா இருந்துச்சுடி. வேற ஊருக்குப் போனா சரியாப்பூடும்னு இருந்தேன். இப்ப எந்த ஊருக்குப் போறது?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் பயமாக இருந்தது.