பேர் தெரியாத திராட்சையில் போட்ட வைன்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடாத வீடு கிடையாது. நவம்பர் பிறந்தால் எல்லாரும் பன்னீர் திராட்சைதான் வாங்குவோம். நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி வைப்போம். வடிகட்டும்போது பட்டை, கிராம்பு, அதோடு கருக்கின சர்க்கரைப் பாகு. பாகு சேர்ந்ததும் எல்லா வீட்டு வைனும் ஒரே கறுப்பு, ஒரே ருசி.

எதிர் வீட்டு அக்கா வருஷா வருஷம் என்னிடம் சொல்லுவார். "உன்னுதும் என்னுதும் ஒண்ணுதாம்மா. எதுக்கு ரெண்டு வீட்லயும் அடுப்பு எரிக்கணும்?"

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்குப் பதில் பேச வராது. ஆனால் ஜாடியை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். ஒரு தடவையாவது, வாயில் வைத்ததும் இது இவள் போட்டது என்று தெரிகிற மாதிரி ஒன்று போட்டுவிட வேண்டும்.

போன நவம்பரில் ஒரு மழை நாள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் தார்ப்பாய் கட்டின தள்ளுவண்டியில் அதைப் பார்த்தேன். சின்னச் சின்னப் பழம். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, துரு ஏறின மாதிரி ஒரு நிறம். வண்டிக்காரம்மா, "இன்னாம்மா பாத்துகினே நிக்கிற, துன்னு பாரு" என்றார்.

தின்றேன். தோல் தடிப்பு, கொட்டை பெரிசு, புளிப்பில் கண் மூடிக்கொண்டது. கண்ணைத் திறக்கிறதுக்குள் வேறொரு வாசனை மூக்குக்கு ஏறியது. அது என்ன என்று பிடிபடவில்லை. இன்னொன்று தின்றேன். அப்பவும் பிடிபடவில்லை.

"இது என்ன திராட்சை?"

"பேரு யாருக்குத் தெரியும்? யாரோ மலைத் தோட்டத்துல பழைய கொடியை வெட்டப் போறாங்களாம், அதுக்கு முன்னாடி பறிச்சது. இதோட சரி."

பன்னீர் திராட்சைக்கு வைத்திருந்த பணம் அத்தனைக்கும் அதையே வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினேன். பை கனத்தது, கால் பறந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இது கெட்டுப்போனால் தெருவுக்குக் கொடுக்க ஒரு சொட்டுகூட இருக்காது.

சிறுசேரியில் வேலை பார்க்கும் மருமகள் பழத்தைப் படம் எடுத்து போனில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "அத்தை, உலகத்துல எண்ணி முடியாத ரகம் இருக்காம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர், யாரும் கேள்விப்படாத திராட்சையில போட்ட வைனாத் தேடித் தேடி வாங்குவார். அவர்கிட்ட சொன்னா இங்கேயே வந்து உட்கார்ந்துடுவார்."

எனக்கு அந்த மனுஷனை உடனே பிடித்துப்போயிற்று. தெரிந்த ருசி வாய்க்குள் போகும்போதே நாக்கு தூங்கிவிடுகிறது. தெரியாத ருசிக்கு அது எழுந்து உட்காருகிறது.

ஜாடி இரண்டாம் நாளே பேச ஆரம்பித்தது. காதை வைத்தால் உள்ளே தூறல் போடுகிற சத்தம். காபி போடப் போனால் ஒரு தடவை, விளக்கு போடப் போனால் ஒரு தடவை என்று போய்ப் போய்க் கேட்டேன். "குழந்தைய விட்டுட்டு வந்த மாதிரி ஓடுறீங்க அத்தை" என்று மருமகள் சிரித்தாள்.

வடிகட்டின அன்றைக்கு அடுப்பில் சர்க்கரை கருகித் தயாராக இருந்தது. ஜாடியில் இருந்து வந்ததோ வெளிறின தேன் நிறம். இப்படியே கொடுத்தால் தெரு சிரிக்கும். பண்டிகைக்கு முன்னால் வைனை வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பொறுக்க முடியவில்லை, ஒரு கரண்டி எடுத்துவிட்டேன்.

முதலில் நார்த்தங்காய்த் தோலின் கசப்பு. அது போய்ப் பழுத்த கொய்யா. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது நாக்கு ஓரத்தில் கல் உப்பு மாதிரி ஒன்று. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் சமையல்கட்டில் நின்று நானே சிரித்துக்கொண்டிருந்தேன். பாகை அப்படியே பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டினேன். பட்டை, கிராம்பு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் காலையில் கேக்கோடு பாட்டிலை எதிர் வீட்டு மதில் மேல் வைத்தேன். அக்கா தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, சர்க்கரை வாங்கக் காசு இல்லையா? எலுமிச்சம்பழ ஜூஸ் மாதிரி இருக்கு."

"குடிச்சுப் பாருங்கக்கா."

"என்ன பழம்?"

"தெரியாது."

"தெரியாமலா போட்டே?"

"தெரியாததாலதான் போட்டேன்."

இப்படி ஒரு பதில் என் வாயில் இருந்து வந்ததில் இரண்டு பேருக்குமே திகைப்பு. நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்குப் பிரியாணிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. காது முழுக்க வாசலில்தான்.

எங்கள் தெருவில் பாட்டில் திரும்பி வரப் புதுவருஷம் தாண்டிவிடும். வெறும் பாட்டிலாகவும் வராது, முறுக்கோ கல்கலாவோ கூட வரும். அன்றைக்குச் சாயங்காலமே கேட் சத்தம் கேட்டது. அக்கா நின்றிருந்தார். கழுவின பாட்டில் கையில். வேறு ஒன்றும் இல்லை.

"யாருக்கும் தரலை. நானே குடிச்சிட்டேன்" என்றார். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கடைசியில உப்புக் கரிக்கிற மாதிரி வருதே, அது என்ன?"

"உங்களுக்கும் வந்துச்சா?"

இத்தனை வருஷமும் மதில் மேலேயே கொடுத்து வாங்கினவள் நான். கேட்டை முழுசாகத் திறந்தேன்.

"உள்ளே வாங்கக்கா. இன்னும் ஒரு பாட்டில்தான் இருக்கு. அதைத் தரமாட்டேன். உட்கார்ந்து ரெண்டு பேரும் குடிக்கலாம்."