பாதித் தலை

எங்கள் கட்டடத்து மாடியில் ஒரு தைலக்காரர் குடியிருந்தார். 'இருந்தார்' என்று மரியாதை போட்டு எழுத எனக்குக் கை கூசுகிறது. இனி அவன் என்றே எழுதுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். சுருட்டை முடியை நேராக்கும் தைலம் அவனுடைய வியாபாரம். தைலத்தைச் சமையலறையில் அவன் பெண்டாட்டியே காய்ச்சுவாள். எண்ணெய், மெழுகு, தூக்கலாகக் கொஞ்சம் வாசனை, அவ்வளவுதான் சரக்கு. கீழே என் தையல் கடை. மாடியில் எது கொதித்தாலும் முதலில் என் மூக்குக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி அல்ல, அவனுடைய கொழுந்தியாளைப் பற்றி. தாய் தகப்பன் போன பிறகு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டவள். வீட்டிலும் தெருவிலும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். ரோஷம் என்பதே கிடையாதா உனக்கு என்று நான் கேட்டிருக்கிறேன். "ரோஷப்பட்டா சோறு யார் போடுவா, டெய்லரக்கா?" என்றாள்.

அந்த வீட்டில் அவளுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. தலையைக் கொடுப்பது. தைலக்காரன் அவளைக் கூட்டிக்கொண்டு அடுக்குமாடிக் கூடங்களுக்கும், ஆபீஸ் சாப்பாட்டு அறைகளுக்கும், லேடீஸ் ஹாஸ்டல்களுக்கும் போவான். மடக்கு நாற்காலியை விரித்து அவளை உட்கார வைப்பான். நடுவகிடு எடுத்து, வலது பக்கம் முழுக்கத் தைலம் பூசி, ஸ்ட்ரெய்ட்னரைச் சூடேற்றி இழு இழு என்று இழுப்பான். வலது பக்கம் சவுக்கு மாதிரி தொங்கும். இடது பக்கத்தைத் தொடமாட்டான். அது புதர் மாதிரி எழும்பி நிற்கும். வேலை செய்வது சூடு, பெயர் வாங்குவது தைலம். சுற்றி நிற்கிற பெண்கள் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"பயப்படாமத் தொடுங்கம்மா. இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் பேய்! பாத்து, உள்ள குருவி முட்ட வெச்சிருக்கும்!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். ஒருமுறை நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அந்த வாயில் ஊசி நூலைக் கோத்து ஒரு தையல் போடவேண்டும் போல இருந்தது.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அவளுடைய முடி இயல்பில் புதரே கிடையாது. அதைப் புதராக்கத்தான் பாடுபட்டார்கள். காட்சி இருக்கிற நாள் காலையில் அக்காக்காரி அவளைக் குளியலறையில் குந்த வைத்துத் துணி சோப்பால் தலையைத் தேய்ப்பாள். சொரசொரப்பான துண்டால் பரபரவென்று துவட்டுவாள். நன்றாகக் காய்ந்த பிறகு பேன் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து இழுப்பாள். சுருட்டை முடிக்காரர்களுக்குத் தெரியும், காய்ந்த தலையில் சீப்பு வைத்தால் என்ன ஆகும் என்று. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகச் சண்டைக்குக் கிளம்பும். அதுதான் தைலக்காரனுக்கு வேண்டியது.

வருஷக்கணக்கில் சூடு பட்டால் எந்த முடி தாங்கும்? வலது பக்கம் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. உடனே அவன் இடது பக்கத்துக்கு மாறினான். கொஞ்ச நாளில் அதுவும் உதிர்ந்தது. காதுக்குப் பின்னால், பிடரியில், அங்கங்கே தோல் பளபளத்தது. அப்போதிலிருந்து காட்சி நாள் காலையில் அக்காளை விடாமல் அவளே தலையைத் தேய்த்துச் சீவிக்கொண்டாள். அவள் என் கடைக் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணுக்கு எழுதும் பென்சிலால் அந்த இடங்களைக் கறுப்பாக்கி, மிச்ச முடியைக் கொண்டுவந்து மேலே படியவைத்து ஊசி குத்திக்கொண்டு மாடிக்குப் போவாள்.

"எதுக்குடி மறைக்கிற? காட்டித் தொலையேன். பாவம்னு விடுவாங்க" என்றேன்.

"விட மாட்டாங்கக்கா. குட்டிய உக்கார வெப்பாங்க."

குட்டி என்பது அக்காளின் மகள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது. அதுக்கும் சித்தியின் முடியேதான், அச்சு அசல். அந்தக் குழந்தை நாற்காலியில் ஏறக்கூடாது. அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரே கவலைதான். அதற்காகத்தான் அந்தச் சூட்டையும் சிரிப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

குழந்தையின் தலையைப் பார்க்க அக்காக்காரிக்குப் பொறுமை கிடையாது. "இந்தச் சனியன என்னால சீவ முடியாது, நீயே பாத்துக்க" என்று தங்கையிடம் தள்ளிவிட்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் கடைகளுக்குத் தைலம் போட வெளியே கிளம்பிய பகல் வேளைகளில் இரண்டு பேரும் என் கடைக்குப் பின்னால் உள்ள குழாயடிக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஹாஸ்டல் பெண், முடியைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில், காதோரம் குனிந்து இவளிடம் இரகசியமாகச் சொன்னாளாம், காய்ந்த தலையைச் சீவாதீர்கள் என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை இவளே கண்டுபிடித்தாள்.

முதலில் தலையை நன்றாக நனைத்து வழவழவென்று கண்டிஷனரைப் பூசுவாள். ஈரத்தோடேயே, பல் அகலமான சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போய்ச் சிக்கெடுப்பாள். துண்டு ஆகவே ஆகாது. என் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுப்பாள், தேய்க்கமாட்டாள். ஆளிவிதையைக் கொதிக்கவிட்டுத் துணியில் பிழிந்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒன்று வரும். அதை உள்ளங்கையில் தடவி, முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்கிக் கசக்கி விடுவாள். அப்புறம் காய்கிற வரைக்கும் குழந்தை தலையில் கைவைக்கக்கூடாது. படுக்கும்போது முடி உரசாமல் இருக்கத் தலையணைக்கு வழுவழுப்பான உறை வேண்டும் என்றாள். என் கடையில் லைனிங் துணி வெட்டினது மிச்சம் கிடக்கும். தைத்துக் கொடுத்தேன்.

அடேயப்பா, அந்த முடி! மோதிரம் மோதிரமாகச் சுருண்டு, முதுகு நிறைய இறங்கியது. கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுக்க மறந்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "யாரு பாத்து விடுறா?" என்று கேட்டால், "எங்க சித்தி!" என்று குழந்தை கழுத்தை ஆட்டும். சித்திக்கு உச்சி குளிர்ந்து போகும். மாடிக்குப் போகும்முன் மட்டும், அவன் கண்ணில் படாதபடி இறுக்கிப் பின்னிவிடுவாள். தன் தலையில் போனதையெல்லாம் அதன் தலையில் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் வினை வந்தது. ஒருநாள் தைலக்காரன் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். குழந்தை என் வெட்டுமேஜையில் உட்கார்ந்து தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பெற்ற மகளை அன்றைக்குத்தான் பார்க்கிறவன் போலப் பார்த்தான். பக்கத்தில் வந்து ஒரு சுருளை இழுத்தான், விட்டான். அது துள்ளிக்கொண்டு மேலே போனது. அவன் முகமெல்லாம் பல்.

"அடடே, இது எப்ப இவ்வளவு வளந்துச்சு? ஏய், இவ்வளவு நாள் இத மறைச்சா வெச்சிருந்தீங்க? காய வெச்சு ஒரு சீவு சீவினா உன்னுதவிட நல்லா எழும்புமே! சின்னப் புள்ளைன்னா கூட்டமும் இளகும். எதிர் அடுக்குமாடிக் கூடத்துல அடுத்த காட்சிக்கு இதையே உக்கார வெச்சிடலாம்."

இவள் ஓடி வந்து குழந்தைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"அத்தான், வேணாம் அத்தான். குழந்த தலை, சூடு தாங்காது."

"நீ தாங்கலையா?"

என்ன நினைத்தாளோ, படபடவென்று ஊசிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முடியை இரண்டு கையாலும் விலக்கித் தலையை அவன் முன்னால் குனிந்து காட்டினாள். பென்சில் கறுப்பு வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது. "பாருங்க அத்தான், நான் தாங்கின லட்சணத்த. நல்லாப் பாருங்க."

பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. அவன் குனிந்து, துணியில் ஓட்டை தேடுகிறவன் மாதிரி நிதானமாகப் பார்த்தான்.

"அதான பாத்தேன், கொஞ்ச நாளாவே எடுப்பா இல்லையேன்னு. அப்ப இனிமே உன்ன வெச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது. நல்லவேளை சொன்ன."

சொல்லிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு மாடிக்குப் போனான். பாவி, பாவி. நான் இங்கே அடுக்கடுக்காகச் சாபம் விட்டேன். என் சாபம் பலித்து என்றைக்கு யாருக்கு என்ன ஆகியிருக்கிறது?

காட்சிக்கு முந்தின நாள், நான் முன்பக்கம் ஓர் அம்மாளுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் குழாயடியில் வழக்கம்போலத் தண்ணீர்ச் சத்தம். பிறகு குழந்தை வீறிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், என் பெரிய கத்தரி இவள் கையில். ஈரச் சுருள்கள் தரையெல்லாம் கிடக்கின்றன. குழந்தையின் தலை எலி கடித்தது போல, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக, காது இரண்டும் பெரிதாகத் தெரிய, அது வாயைப் பிளந்து அழுகிறது. இவள் அழவில்லை. மிச்சமிருந்த ஒரு கொத்தையும் பிடித்து ஒட்ட வெட்டிவிட்டுத்தான் கத்தரியைக் கீழே வைத்தாள்.

அக்காக்காரி இறங்கி வந்தாள். வந்த வேகத்தில் அடித்தாள். பிறகு தங்கையின் மிச்ச முடியைப் பிடித்தே வாசல் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"பொறாம புடிச்சவளே! உன் தலைல இல்லன்னா என் பொண்ணு தலைலயும் இருக்கக்கூடாதா? சோறு போட்ட கைக்கு நல்லாச் செஞ்சடி! இனிமே மாடிப்படி ஏறினே, கால ஒடிப்பேன்!"

துணிமணி மேலேயிருந்து வந்து தெருவில் விழுந்தது. இவள் குனிந்து அதைப் பொறுக்கினாள். குழந்தை தேம்பிக்கொண்டே அம்மா சொன்ன அந்தப் 'பொறாமை'யைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வயதில் கேட்டது எங்கே போகும்?

என் கடையிலேயே தங்கவைத்துக்கொண்டேன். கொக்கி வைப்பாள், பட்டன் கட்டுவாள். தலையை மழித்துவிட்டாள். திரும்ப வந்த இடத்தில் சின்னச் சின்னதாகச் சுருண்டது. வராத இடத்தில் வரவே இல்லை.

குழந்தை தொப்பி மாட்டிக்கொண்டு கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகும். முதல் நாள் இவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். குழந்தை நின்றது. "என்னையும் உன்ன மாதிரி ஆக்கிட்டேல்ல?" என்றது. துப்பிவிட்டுப் போனது. நான் மிஷினை விட்டு எழுந்தேன்.

"இரு, கூப்பிட்டு உள்ளதச் சொல்றேன். உங்கப்பன் என்ன பண்ண இருந்தான், உங்க சித்தி எதுக்கு வெட்டினான்னு சொன்னா ஒரு நிமிஷத்துல புரியும்."

"சொல்லாதீங்கக்கா. அப்பான்னா அதுக்கு உசுரு. முடிய வெட்டினது போதும், அதையும் வெட்டணுமா?"

நான் மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

முடிதானே, வளராமல் போகுமா? வளர்ந்தது. சித்தி இல்லாத வீட்டில் சிக்கெடுக்க யார் இருக்கிறார்கள்? துணி சோப்பும் பேன் சீப்பும் ஆண்டன. அடுத்த வருஷம், காதைத் தாண்டியதோ இல்லையோ, எதிர்க் கூடத்தில் மடக்கு நாற்காலியை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு இவள் கொக்கிகளை மாற்றி மாற்றி வைத்தாள், பிரித்தாள், மறுபடி தப்பாகவே வைத்தாள். தெருவைத் தாண்டிச் சிரிப்பு கேட்டது. அப்புறம் கைதட்டல்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையே கடைக்குள் ஓடி வந்தது. ஒரு வருஷமாக உள்ளே கால் வைக்காதது. பாதித் தலை பளபளவென்று தொங்குகிறது, பாதி எழும்பி நிற்கிறது. வெறுப்பேற்றத்தான் வந்திருந்தது.

"பாத்தியா? எல்லாரும் எனக்குக் கை தட்டுனாங்க. உனக்கு எப்பவாவது தட்டியிருக்காங்களா?"

"இல்லடா கண்ணு. எனக்கு யாரும் தட்டினதில்ல."

இவள் எழுந்து போய், தொங்குகிற பக்கத்து முடியை ஒரு விரலால் விலக்கினாள். காதுக்கு மேலே தோல் சிவந்து, ஒரு கோடாக நீர் கோத்திருந்தது.

"சுட்டுச்சா?"

குழந்தை வாசலைத் திரும்பிப் பார்த்தது. எதிரே அப்பன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தான்.

"சிரிச்சுட்டே இருந்தா வலிக்காதுன்னு அப்பா சொன்னாரு" என்றது. கண் இரண்டும் நிறைந்திருந்தன, வாய் மட்டும் சிரிப்பை விடவில்லை. எதிரேயிருந்து அவன் கூப்பிட்டதும் அந்தச் சிரிப்போடேயே ஓடிவிட்டது.