மச்சானின் சுற்று ரேடியோ

மச்சான் என் மனைவியின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். நான் தலத்தெருவில் அவர் வீட்டோடு கிடந்த மாப்பிள்ளை. இருவருக்கும் ஆகாது. எண்பதுகளில் ஒரு வருடம் கல்லறைத் திருநாளுக்கு லீவில் வந்தவர், ஒரு ரேடியோவும் கொண்டுவந்தார். பக்கவாட்டில் கைப்பிடி, முகப்பில் டார்ச். சுற்றினால் இரண்டும் வேலை செய்யும்.

"கரண்டே வேணாம் மாப்ள. உங்களாட்டம் சும்மா இருக்கிற ஆள் ஒருத்தர் போதும்" என்றார், மரியாதை குறையாமல்.

அவர் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது புயல் அடித்தது. கரண்ட் போச்சு. மெழுகுவத்தியெல்லாம் கல்லறையில் எரிந்து தீர்ந்திருந்தது. மறுநாள் இரவு மாயவரத்தில் ரயில் பிடித்தால்தான் மெட்ராஸில் விமானம். லீவு ஒரு நாள் தாண்டினாலும் பதவி உயர்வு போய்விடுமாம். ரயில் ஓடுமா என்பது சாயங்காலச் செய்தியில்தான் தெரியும்.

அவர் பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை. நானே சுற்றினேன்.

"வேகமாச் சுத்துங்க. சாப்பிடுற வேகத்துல பாதியாச்சும் காட்டுங்க."

"கை வலிக்குது மச்சான்."

"வேலைக்குப் போயிருந்தா பழகியிருக்கும்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். அதுதான் சுட்டது.

கையை எடுத்தேன். சேர்ந்திருந்த மின்சாரத்தில் திருச்சி வானொலி கரகரத்தது. "ரயில் போக்குவரத்தைப் பொறுத்தவரை..." மச்சான் குனிந்தார். பயந்தால் பட்டாளத்து முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. டார்ச்சைத் தட்டினேன். முகம் பிரமாதமாக இருந்தது. அடுத்த நொடி ரேடியோ செத்தது. இரண்டுக்கும் ஒரே பாட்டரி என்று எனக்கு உறைக்கவில்லை.

அடித்துப் பிடித்துச் சுற்றி உயிர் கொடுப்பதற்குள் செய்தி முடிந்து, யாரோ பயிருக்கு உரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரயில் உண்டா, இல்லையா?"

"யூரியா போடலாமாம் மச்சான்."

விடிந்ததும் அவர் பெட்டியை என் தலையில் ஏற்றினார். பூவம் வரை விழுந்த மரங்களைத் தாண்டி நடை, அதற்கப்புறம் லாரி. மாயவரம் ஸ்டேஷனில் சாயங்காலம் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "ரயில் கிடையாது, இன்னிக்குக் காலையில இங்கேருந்து மெட்ராஸுக்கு ஸ்பெஷல் பஸ்ஸுன்னு நேத்தே ரேடியோவுல சொன்னாங்களேங்க!"

ராத்திரியே நடந்திருந்தால் பிடித்திருக்கலாம். மச்சானுக்கு விமானமும் பதவி உயர்வும் போயின. அடுத்த டிக்கெட் கிடைக்கும்வரை எனக்கு இன்னும் மூன்று வாரம் மச்சான். பெட்டியைத் திரும்பத் தூக்கியதும் நான்தான்.