மடித்து வைத்த மூன்று சேலைகள்

முகமது ரியாஸுக்கு வயது நாற்பத்து நான்கு. வாரத்தில் ஆறு நாள் காந்திபுரத்துத் துணிக்கடையில் நூறு சேலைகளை விரித்துப் போட்டு ஒன்றை விற்பார். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு பஸ் ஏறி, ஊரில் உள்ளதையெல்லாம் விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் படம் பிடிப்பார். ஒரு பாறை, ஒரு குளம், ஒரு மரம். "படத்துல ரெண்டாவதா ஒண்ணு வந்துட்டா, மொதலாவதுக்கு மருவாதி இல்லைங்க" என்பது அவர் கட்சி.

அப்படித்தான் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அந்த ஒற்றைப் பனை சிக்கியது. முன்னால் மக்காச்சோளம் முளைவிட்ட செம்மண் காடு, பின்னால் மலை. இரண்டடி நகர்ந்தார், கரண்டுக் கம்பம் பனைக்குப் பின்னால் ஒளிந்தது. குத்தவைத்தார், தூரத்து ஓட்டு வீடு வரப்புக்குக் கீழே போனது. மயில் வராமலிருக்கக் காட்டைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகள் மட்டும், பச்சையும் ரோஸுமாகக் குறுக்கே ஆடிக்கொண்டே இருந்தன. மூன்றை அவிழ்த்தார். எடுத்ததும் கட்டிவிடலாம் என்றுதான். படம் அப்படி விழுந்தது. அந்த மிதப்பில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

புதன்கிழமை, கடையில் சேலை மடிக்கும்போது கை அப்படியே நின்றது. அவிழ்த்த மூன்றையும் திருப்பிக் கட்டவே இல்லை. கடையில் லீவும் கிடைக்கவில்லை. போனில் அந்தப் படத்துக்கு விழுந்த ஒவ்வொரு லைக்கும் மயில் கொத்துவது போலிருந்தது.

அடுத்த ஞாயிறு போனார். அந்தக் காட்டைக் குத்தகைக்கு உழும் அன்புக்கரசி, மறுபடி மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"மொளைய பூரா மயில் தின்னுபோட்டுச்சுங்க பாய். சேலைய அவுத்துட்டாங்க. எல்லாம் அந்த ஓட்டூட்டு ஐயாசாமி வேலை. நல்லாத் திட்டிப்போட்டு வந்தேன், ஆறு நாளா அந்தப் பக்கமே நான் திரும்பறதில்லை."

"அவரு செஞ்சிருக்க மாட்டாருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரியாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது, ஓடினால் ஏறிவிடலாம். வரப்பைப் பார்த்தார். பஞ்சாயத்தில் காட்டுவதற்காக அவள் தொடாமல் வைத்திருந்த சேலைகள், ஓரம் ஒட்டி, கரை வெளியே தெரிய, கண்ணாடி அலமாரியில் அடுக்கியதுபோல் இருந்தன.

"ஐயாசாமி இப்படி மடிப்பாருங்களா?"

அன்புக்கரசி சேலைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"துணிக்கடைங்களா?"

"ஆமாங்க." படத்தைக் காட்டினார். "மன்னிச்சுக்கங்க அம்மணி. இதுக்குத்தான் அவுத்தேன்."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. என்ற காட்டுக்கு மொட்டையடிச்சாப்புல."

"நான் என்ன செய்யட்டுங்க?"

"சேலையக் கட்டுங்க. அப்புறம் ஐயாசாமி ஊட்டுக்குப் போய் இத அப்படியே சொல்லுங்க. நான் பேசுன பேச்சுக்கு எனக்கு அங்க போக மொகமில்லை."

கட்டினார். கை தன்னால் சுருக்கம் நீவியது.

"பாய், மயிலுக்கா விக்கப் போறீங்க? சும்மா கட்டுங்க!"

கட்டி முடித்து, கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வரப்புக்குக் கீழே தான் ஒளித்து வைத்த அந்த ஓட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நடக்க நடக்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது.