புதன்கிழமை அளவு

மலாக்கா காஜா பெராங்கில் சாரதாம்பாள் வீடு எது என்று கேட்டால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். மிசினக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், தெருவே கை நீட்டும். காலை ஏழு மணிக்குத் தையல் மிசினில் கால் வைத்தால் மதியச் சோற்றுக்குத்தான் எடுப்பாள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் சொன்னாள் என்று அவள்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பெண்களுக்கு அளவெடுக்க அவளே வீடு வீடாகப் போவாள். சில வீடுகளில் எல்லோருக்கும் அளவெடுத்து முடிந்தபின், அம்மாக்காரி குரலை இறக்கி, "இன்னொரு ஆளுக்கும் தைக்கணும்க்கா" என்று பின்னறைக்குக் கூட்டிப்போவாள். கிழியாத முரட்டுத் துணியாக இருக்க வேண்டும். பொத்தான் கூடாது, நாடா கூடாது. பின்னறையில் இருப்பது கல்யாணமாகி ராமநாதபுரம் போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பெண்ணாக இருக்கும், அல்லது தோட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லப்பட்ட பையனாக இருக்கும். சாரதாம்பாள் எதுவும் கேட்க மாட்டாள். தன் நோட்டில் மார்பு, தோள், உயரம் எழுதிக்கொள்வாள், பெயர் எழுத மாட்டாள். 1957இல் அந்த நோட்டில் பெயரில்லாத அளவுகள் ஒன்பது இருந்தன.

நோட்டில் ஏறாத பத்தாவது ஆள் அவளுடைய தம்பி ஜெயபாலன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பி வந்தான், ஆனால் யாரோ துரத்துகிறார்கள் என்று பகலெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தான். அவள்தான் ஜொகூரில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அடுத்த வருஷம் பஸ் டிரைவர் கலியாணசுந்தரத்துக்கு அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். கூடப் பிறந்தவன் எங்கே என்று கேட்டபோது, "சிங்கப்பூர் துறைமுகத்துல வேலை" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அந்தச் சொல் பத்து வருஷம் வீட்டில் தங்கிவிட்டது. வருஷம் ஒருமுறை நூல் வாங்கப் போகிறேன் என்று ஜொகூர் போய்த் தம்பியைப் பார்ப்பாள். யாராவது கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லும்படி அவனிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

1957 மார்ச் மாதம் பொன்னுதுரை வந்தார். மலாக்கா ஆஸ்பத்திரியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, யாழ்ப்பாணத்துக்காரர், தம்பியைப் பற்றி ஊரில் தெரிந்த ஒரே ஆள்.

"புது மருந்து ஒண்டு வந்திருக்கு தங்கச்சி. தம்பி இப்ப நல்லாச் சாப்பிடுறான், கதைக்கிறான். வீட்டுக்கு விடலாமாம். ஆனால் மாதாமாதம் டொக்டர் பாக்க வேணும். இஞ்ச அதுக்கு ஆள் இல்லை."

"அங்கேருந்து ஒரு டாக்டர் வரக் கூடாதா?"

"டொக்டர் லிம் எண்டு ஒரு பெடியன் வாறதுக்கு ரெடி. ஒரு ஆளுக்காக அனுப்ப மாட்டினம். பத்துக் குடும்பம் வேணும். பத்து வீட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட வேணும். ஓகஸ்ட் முடியிறதுக்குள்ள குடுத்தாச் சரி. பிறகு சுதந்திரம், புது உத்தியோகத்தர்மார், ஆர் எங்க இருப்பினமோ தெரியாது."

சாரதாம்பாள் நோட்டைப் புரட்டினாள். ஒன்பது இருக்கிறதே! தம்பி வீட்டுக்கு வந்த மாதிரியே அவளுக்கு ஆகிவிட்டது. பத்தாவது கையெழுத்து தன் புருஷனுடையது என்பதை மட்டும் அன்றைக்கு அவள் நினைக்கவில்லை, அல்லது நினைக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

முதலில் எதிர்வீட்டுப் பொன்னம்மாவிடம் போனாள். பொன்னம்மாவின் மகன் தேவதாஸ் ஆறு வருஷமாகப் பின்னறையில் இருந்தான். இவள் பக்குவமாக விஷயத்தைச் சொன்னதும் பொன்னம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஒன் வீட்ல யாருக்குக்கா இப்படி?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல. ஊருக்காகத்தான் அலையுறேன்."

"ஊருக்காக வர்றவங்கள நான் நெறையப் பாத்துட்டேன். எம் மவன வெச்சு நீ பேரு வாங்க வேணாம்" என்றாள் பொன்னம்மா. மறுநாளே பாதி தைத்திருந்த ரவிக்கைத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். வாய் சுத்தம் என்று பேர் வாங்கியவள் இப்போது வாயைத் திறந்துவிட்டாள் என்று பேச்சானது. மூன்று வீட்டுக்காரர்கள் சீனத் தையல்காரரிடம் மாறிப் போனார்கள். பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருந்த தாவூத் மட்டும் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சித்தி என்று பேர் கொண்ட அவர் மகள்தான் அந்த ராமநாதபுரம் போனதாகச் சொல்லப்பட்ட பெண். துணியை மடித்து அடுக்கியவர், "என் புள்ள பேர ஒரு எடத்துலயும் நீ எடுக்கலியே தங்கச்சி. அதுக்காகவே நான் வர்றேன்" என்றார்.

ஜூன் மாதம் டாக்டர் லிம்மை முதல் தடவையாகக் கூட்டி வந்தார்கள். கோயில் பக்கத்து மண்டபத்தில் ஏற்பாடு. பொன்னுதுரைக்குத் தன் எழுத்தழகின் மேல் ஒரு மயக்கம். நல்ல பலகையாக வாங்கி, மூன்று மொழியில், "மனநோயாளிகளுக்கு இலவச மருத்துவம்" என்று முழம் முழமாகச் சிவப்பு மையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அந்தப் பலகைக்கு அடியில் எந்தத் தாய் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நுழைவாள்? கோயிலுக்குப் போகிறவர்கள்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் வேகமாக நடந்தார்கள். மண்டபத்தில் ஈ காக்கா இல்லை. தாவூத் மகளோடு மூலை வரைக்கும் வந்து, பலகையைப் பார்த்துவிட்டுப் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவைத் திருப்பச் சொல்லிவிட்டார். டாக்டர் மூன்று மணி நேரம் பத்திரிகை படித்தார், நாலு காப்பி குடித்தார். போகும்போது மலாயில், ஆகஸ்டில் இன்னும் ஒரே ஒரு தடவை வருகிறேன் என்றார்.

சாரதாம்பாளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொன்னுதுரையை ஒரு வாரம் கரித்துக் கொட்டினாள். ஆனால் அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. சுதந்திர தினம் நெருங்க நெருங்க, ஊர் முழுக்கப் புதுத்துணி என்று பறந்தது. சீனத் தையல்காரர் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு போனவர்களெல்லாம் வேறு வழியில்லாமல் துணி மூட்டையோடு இவள் வாசலுக்கே வந்தார்கள். பொன்னம்மாவும் வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவு கொடுத்தாள். அவள் போன பிறகுதான் சாரதாம்பாளுக்குப் பொறி தட்டியது. துணி மூட்டையோடு இந்த வாசலில் நுழைகிறவரை, எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்கிறார்களா?

"டாக்டரை எங்க வீட்டுக்குக் கூட்டியாங்க. துணி போட்டுப் பாக்குற திரைக்குப் பின்னால உக்காரட்டும்" என்றாள் பொன்னுதுரையிடம்.

"அரசாங்க டொக்டர் தையல் வீட்டில இருக்கிறதோ?"

"இருந்தா என்ன, தேஞ்சா போயிருவாரு? இந்தத் தடவை பலகை கிலகை எழுதுனீங்க, ஒங்க கைய ஒடிச்சுப்புடுவேன்."

மிச்ச வேலையைத் தாவூத் தன் கடையிலிருந்தே பார்த்தார். பூப்போட்ட துணியோடு முரட்டுத் துணியும் மூணு கஜம் சேர்த்து வாங்குகிற வீடு எது என்று அவருக்கும் தெரியும். அப்படி வாங்குகிறவர்களிடம், "புதன்கிழமை மிசினக்கா வீட்டுல அளவு குடுங்க. ஆளையே கூட்டிட்டுப் போய்க் குடுங்க. டாக்டரும் இருப்பாரு. என் மக சித்தியும் வர்றா" என்று சொல்லியே துணியை வெட்டினார். ராமநாதபுரம் போனதாகச் சொன்ன மகளின் பேரை அவர் வாயாலேயே கேட்டதும், பொன்னம்மா உட்பட, வந்தவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். இதைக் கேள்விப்பட்டபோது சாரதாம்பாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே சுருக்கென்றும் இருந்தது. தாவூத் நானா தன் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன்?

ஆகஸ்ட் மூன்றாவது புதன்கிழமை வந்தார்கள். சித்தி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தபடி வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்த தேவதாஸ் வெயிலில் கண் கூசி வாசலிலேயே நின்றுவிட்டான். பொன்னம்மா அவன் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளினாள். தெங்கேராவிலிருந்து ஒரு குடும்பம், பாத்து பெரெண்டாம் என்கிற ஊரிலிருந்து இரண்டு, மற்றவர்கள் உள்ளூர். முக்காலியில் உட்கார்ந்து டாக்டர் லிம் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. மத்தியானத்துக்குள் ஒன்பது வீட்டுக் கையெழுத்தும் விழுந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒங்க வீட்லயுமா என்கிற பார்வை. பிறகு என்ன சாப்பிடுறான், தூங்குறானா என்று பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை.

"பத்தாவது?" என்று டாக்டர் கேட்டார். பொன்னுதுரை சாரதாம்பாளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சோற்றுக்கு டிரைவர் சட்டையோடு கலியாணசுந்தரம் உள்ளே வந்தார்.

"என்ன சாரதா, ஊரே இங்க இருக்கு?"

அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காதும் காதும் வைத்த மாதிரி சொல்லியிருக்கலாம். காலெடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். மகனை மடியில் சாய்த்துக்கொண்டு பொன்னம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எந் தம்பி சிங்கப்பூர்ல இல்ல" என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஜொகூர்ல, மனநோய் ஆஸ்பத்திரியில இருக்கான். பதினோரு வருஷமா. கல்யாணம் நின்னுபோயிரும்னு பொய் சொன்னேன். அப்புறம் சொல்லப் பயந்துட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவன் வீட்டுக்கு வர முடியும்."

கலியாணசுந்தரம் மிசின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பத்து வருஷமா அந்த ஆளத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "ஒரு தீபாவளிக்கு வரல, ஒரு கடுதாசி போடல, அக்கான்னு ஒரு பாசம் இல்ல, இவன்லாம் என்ன மனுசன்னு. ஒன் முன்னாடிதான திட்டினேன்? நீ கேட்டுக்கிட்டே நின்னியே, சாரதா."

சாரதாம்பாள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. பொன்னுதுரையிடம் கையை நீட்டிப் பேனாவை வாங்கி, சட்டைத் துணிகளுக்கு நடுவே காகிதத்தை வைத்துப் பத்தாவது கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டுச் சாப்பிடாமலேயே பஸ்ஸுக்குத் திரும்பிப் போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மச்சானக் கூட்டியார நாந்தான் போவேன். நீ வர வேணாம்" என்றார்.

அந்தப் புதன்கிழமை வைத்தியம் அதற்குப் பிறகு பல வருஷம் அந்த வீட்டிலேயே நடந்தது. ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்த பிறகும் சிலர் மிசினக்கா வீட்டு வழியாகத்தான் போனார்கள். பொன்னுதுரை கடைசிவரை பலகை எழுதவில்லை.

அந்த வருஷமே, சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம், கலியாணசுந்தரமும் ஜெயபாலனும் காஜா பெராங் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார்கள். ஜெயபாலன் மெலிந்திருந்தான், தலை பாதி நரைத்திருந்தது. சாரதாம்பாள் மிசினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்ததும் அவன் அவள் பக்கம் நெருங்கி, குரலை இறக்கிக் கேட்டான்:

"அக்கா, சிங்கப்பூர்ல எனக்கு என்ன வேலைன்னு சொல்லணும்?"

அதற்குள் எதிர்வீட்டு வாசலிலிருந்து பொன்னம்மா குரல் கொடுத்தாள்: "யாருக்கா வந்திருக்கறது?"

"எந் தம்பி!" என்றாள் சாரதாம்பாள், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. "பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தான். இனிமே இங்கதான்."

ஜெயபாலன் அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.